ஆறாம் தளத்துப் படிக்கட்டு

ஒவ்வொரு பயணத்திலும் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். பெரும்பாலும் இரண்டாம் நாள் இரவு, காட்சி முடிந்து நாங்கள் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது. மேடை ஓரமாக வந்து நின்று, இந்த நகைச்சுவை தனக்கு மட்டும்தான் தோன்றியது என்ற நம்பிக்கையோடு கேட்பார்: "கப்பல் மூழ்கினால் நீங்கள் கடைசிவரை வாசித்துக்கொண்டே இருப்பீர்கள்தானே?"

சிரித்து வைப்பேன். சிரிப்பதும் சம்பளத்தில் சேர்த்திதான். உண்மையான பதில், மாட்டேன். அந்த நேரத்தில் நான் ஆறாம் தளத்தில், நடுப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், பளிச்சென்ற மஞ்சள் அங்கியை மாட்டிக்கொண்டு, "இந்தப் பக்கம், கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம்" என்று கைகாட்டிக்கொண்டு நிற்பேன். என் பாஸ் கிட்டார் மேடையில் கிடக்கும். அதை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. பயிற்சியில் இதை எங்களைப் பார்த்துத் தனியாகவே சொன்னார்கள். வாத்தியக்காரர்களுக்கு இந்த ஆசை வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சொகுசுக் கப்பல்களில் பாஸ் வாசித்து நான்கு ஒப்பந்தம் முடித்துவிட்டேன். ஒவ்வொன்றும் ஐந்தாறு மாதம். பிரதான அரங்கத்தில் ஏழு பேர் கொண்ட ஷோபேண்டில் என் இடம் டிரம்மருக்கு இடப்பக்கம். இந்த வேலைக்கு எப்படிப் போவது என்று கேட்டுச் சிலர் எழுதியிருந்தார்கள். ஒழுங்காகப் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அது எங்கெங்கோ போகும்போலத் தெரிகிறது. போகட்டும்.

முதல் முறை தேர்வில் தோற்றேன். அதை மறைப்பதற்கில்லை. காதால் கேட்டே வாசித்துப் பழகியவன் நான். ஒரு பாட்டை இரண்டு தரம் கேட்டால் போதும், கை தானாகப் போய்விடும். கப்பலுக்கு ஆள் எடுப்பவர்களுக்கு அது ஒரு தகுதியே இல்லை. வீடியோ அழைப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் மின்னஞ்சலில் நோட்ஸ் வந்தது, அதாவது வாசிக்க வேண்டிய இசையை எழுதிய தாள். எதிர்முனையில் கிளிக் ஓடத் தொடங்கியது, தாளத்தை எண்ணிக்காட்டும் டிக் டிக் சத்தம். நாலாவது வரியில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றார் அந்த மனிதர், கோபமில்லாமல். அந்த ஆறு மாதமும் தினம் ஒரு மணி நேரம், இதுவரை பார்த்தே இராத தாள்களாக எடுத்து, நடுவில் தடுக்கினாலும் நிறுத்தாமல் வாசித்தேன். தவறாக வாசிப்பதை மன்னிப்பார்கள். நின்றுபோவதை மன்னிக்க மாட்டார்கள்.

தேர்வானதும் இசை பற்றிய பேச்சே அடங்கிவிடும். மருத்துவப் பரிசோதனை, விசா, அப்புறம் எஸ்.டி.சி.டபிள்யூ என்கிற அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. கடலில் வேலை செய்கிறவர்களின் பயிற்சிக்கான 1978 சர்வதேச ஒப்பந்தத்தின் பெயர்ச்சுருக்கம் அது. லைஃப் ஜாக்கெட்டோடு குளத்தில் குதிக்க வேண்டும். கவிழ்ந்து மிதக்கும் ரப்பர் படகின் மேல் ஏறி, பட்டையைப் பிடித்துத் தன் எடையால் பின்னால் சாய்ந்து, அதைத் தன் தலைமேலேயே புரட்டி நிமிர்த்த வேண்டும். தீயணைப்பானை எடுத்து நெருப்பின் அடியைக் குறிவைக்க வேண்டும். என் பக்கத்தில் ஒரு வயலின்காரர் இருந்தார். விரல்களைக் காப்பாற்றிக்கொள்ள எப்போதும் கையுறையோடு திரிகிறவர். படகைப் புரட்டி நிமிர்த்தியபோது அவர் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. சந்தோஷக் கூச்சல்.

கேபின் என்றால் பலரும் பால்கனியை நினைத்துக்கொள்கிறார்கள். நான் இருந்தது நீர்மட்டத்துக்குக் கீழே. மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, இரண்டுக்கும் திரைச்சீலை, ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்றே தெரியாது. அங்கே படுத்தபோதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். ஒரு ரீங்காரம். இன்ஜினா, காற்றுக் குழாயா, எல்லாம் கலந்ததா, சொல்ல முடியாது. கப்பல் துறைமுகத்தில் நின்றாலும் அது நிற்காது.

மேடையில் அதன் தம்பி ஒருவன் இருந்தான். கப்பலின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத ஒரு பிளக்கில் ஆம்ப்ளிஃபயரைச் செருகினால் அந்த 60 அப்படியே ஸ்பீக்கரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது என்ன சுருதி என்று ஒரு நாள் தேடிப் பார்த்தேன். என் ஏ கம்பியில் முதல் ஃபிரெட்டில் (வீணையின் மெட்டு மாதிரி) வாசித்தால் என் சுருதி அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தது, இரண்டாவது ஃபிரெட்டில், அதாவது பி-யில், வாசித்தால் கொஞ்சம் மேலே. அந்த 60 நடுவில், எந்த ஃபிரெட்டிலும் சேராத இடத்தில் நின்று முனகுகிறது. பி சுருதியில் பாட்டு வந்தால் பல் கூசும். ஒலிப்பொறியாளர் வேறு பிளக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் பி சுருதிப் பாட்டு வரக் கூடாதே என்பதுதான் என் ஒரே பிரார்த்தனை.

சுருதி என்றதும் கப்பலின் ஊதல் ஞாபகம் வருகிறது. அது ஏன் அவ்வளவு அடித்தொண்டையில் ஒலிக்கிறது என்று கேட்டதற்கு ஒரு அதிகாரி சொன்னார், அது சட்டமாம். கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருப்பதற்கான 1972 சர்வதேச விதிகளில் கப்பலின் நீளத்துக்கேற்பச் சுருதியே வகுத்திருக்கிறார்கள். 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலுக்கு 70 முதல் 200 ஹெர்ட்ஸ், 75 முதல் 200 மீட்டர் வரை 130 முதல் 350, அதைவிடச் சின்னதற்கு 250 முதல் 700. பனிமூட்டத்தில் கண் தெரியாவிட்டாலும், எதிரே வருவது யானையா ஆட்டுக்குட்டியா என்று காதுக்குத் தெரிந்துவிடும். அதாவது பெரிய கப்பல்களுக்குச் சட்டப்படி என் ஸ்தாயி. அன்றைக்கு முழுக்க எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

வேலைக்கு வருகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடனக் குழுவின் பெரிய நிகழ்ச்சி. காதில் கிளிக் ஓடும். பாதி வாத்தியங்கள் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டவை. நாங்கள் அதன்மேல் வாசிக்கிறோம். நடுவில் நான் மயங்கி விழுந்தாலும் பாட்டு நிற்காது, அது வேறு விஷயம். இப்போது சில கப்பல்களில் ஷோபேண்டே கிடையாது, எல்லாமே பதிவுதான். கப்பல் கிளம்பும்போது நீச்சல்குளத்தருகே ஒரு மணி நேரம், சில நாள் நடனக்கூடத்தில். இதையெல்லாம் தூக்கத்தில்கூட வாசிக்கலாம். வாசித்தும் இருக்கிறேன்.

உயிரோடு இருப்பதாகத் தோன்றுவது விருந்தினர் கலைஞர் வரும் நாட்களில்தான். அவர் காலையில் ஏதோ ஒரு துறைமுகத்தில் ஏறுவார். மதியம் மூன்று மணிக்கு ஒத்திகை, ஒன்றரை மணி நேரம். இரவு ஏழரைக்கு முதல் காட்சி, ஒன்பதரைக்கு அடுத்தது. ஆளுக்கு ஒரு கோப்பு கொடுப்பார். அதில் பன்னிரண்டு பதினான்கு பாட்டு இருக்கும்.

ஒரு பாடகரின் கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனிதருக்கு அறுபதுக்கு மேல் வயது, கப்பல் கப்பலாக ஏறி இறங்கியே காலம் கழித்தவர். மூன்றாவது பாட்டின் பாஸ் தாள், நகலுக்கு எடுத்த நகலின் நகல். நோட்ஸ் எழுதும் ஐந்து கோட்டில் மேல்கோடு மங்கிப்போய் நாலுதான் தெரிந்தது. இடது மூலையில் யாரோ குவளை வைத்த வட்டக் கறை. பார் என்று நாங்கள் சொல்லும் தாளக் கட்டங்களில் 32-ஆவதின் மேல் ஒரு கை 'வெட்டு' என்று எழுதியிருந்தது. இன்னொரு கை அதை அடித்துவிட்டு 'வேண்டும்' என்று எழுதியிருந்தது. மூன்றாவது கை இரண்டையும் சேர்த்து வட்டம் போட்டு ஒரு கேள்விக்குறி. எனக்கு முன்னால் எத்தனை கப்பலில் எத்தனை பாஸ்காரர்கள் இந்தத் தாளோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று அதிலேயே எண்ணிவிடலாம். 57-ஆவது பாருக்கு மேல் மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தது. வாத்தியக்காரர்களுக்குள் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பார், கவனி, இங்கே விழுவாய். வழக்கமாக ஒரு கண்ணாடி இருக்கும். அந்த 57-இன் மேல் மூன்று, மூன்றும் வேறு வேறு பென்சிலில்.

காரணம் ஒத்திகையில் தெரிந்தது. அந்த இடத்தில் தாளம் அப்படியே நின்றுவிட வேண்டும். பாடகர் வலது கையைத் தூக்கிப் பிடித்திருப்பார். இறக்கும்வரை யாரும் தொடக் கூடாது. எவ்வளவு நேரம் பிடிப்பார் என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. "சில நாள் இரண்டு வினாடி, சில நாள் பத்து. என் கையைப் பாருங்கள், தாளைப் பார்க்காதீர்கள்" என்றார். முதல் தடவையிலேயே நான் முந்திக்கொண்டு அடித்தேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நாலாவது கண்ணாடி உங்களுடையதா?"

இப்படிச் சொன்னால் ஏதோ கலைப் பயணம் மாதிரி இருக்கும். மேடைக்குக் கீழே வேறு உலகம். ஊழியர் தளத்தில் கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடும் நீண்ட நடைவழியை எல்லோரும் ஐ-95 என்பார்கள், அமெரிக்கக் கிழக்குக் கரையோர நெடுஞ்சாலையின் பெயர். சரக்கு வண்டி, துணி மூட்டை, ஓடுகிற சமையல்காரர், உடை மாற்றாத நடனப் பெண், எல்லாம் அதில்தான். நான் கிட்டாரை முதுகில் போட்டுக்கொண்டு நடக்கும்போது, பயணிகளின் அறைகளைச் சுத்தம் செய்பவர்கள் எதிரே வருவார்கள். நான் ஒரு நாளில் வாசிப்பது நாலைந்து மணி நேரம். அவர்கள் பத்து மணி நேரத்துக்கும் மேல் குனிந்து நிமிர்கிறவர்கள். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, வாரத்தில் 77 மணி நேரம் என்று 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் சொல்கிறது. மாதாமாதம் நானும் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவேன். எனக்கு அது வெறும் படிவம். அவர்களுக்கு அந்தப் பத்து மணி நேரம் உடம்பு. கேபினில் சோர்வாக இருக்கிறது என்று ஒரு நாள் நான் புலம்பியபோது என் அறைத் தோழன் சொன்னான்: "அதை ஐ-95-இல் போய்ச் சொல்லிப் பாரேன்." அதற்குப் பிறகு சொன்னதில்லை.

கடல் சீறும் நாள்களில் மட்டும் நிலைமை தலைகீழ். அரங்கம் இருப்பது கப்பலின் முன்பக்கம், மூக்குக்குப் பக்கத்தில். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க இரண்டு புறமும் துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகள் உண்டு. மூக்கு ஏறி இறங்குவதை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட இரவில் நடனக்காரர்கள் ஒருவரையொருவர் தூக்கிச் சுழற்ற முடியாது. நிகழ்ச்சி ரத்து. "பேண்ட் வாசிக்கட்டும்" என்று அறிவிப்பு வரும். காலை அகட்டி வைத்து, முழங்காலைத் தளர்த்தி நின்று வாசிப்பேன். கப்பல் எழும்போது கிட்டார் திடீரென்று கனக்கும், இறங்கும்போது எடையே இல்லாமல் போகும். ஸ்டாண்டிலிருந்து தாள் பறக்காமலிருக்கத் துணி கிளிப். டிராம்போன்காரர் பக்கத்தில் ஒரு காகிதப் பை வைத்துக்கொண்டு, இடைவெளிப் பார்களை எண்ணியபடியே அதைப் பயன்படுத்திவிட்டு, சரியான பாரில் உள்ளே வந்தார். அவர்மீது எனக்கிருக்கும் மரியாதை அன்றைக்கு வந்தது.

சரி, மூழ்கும் கப்பலுக்கு வருகிறேன்.

1912 ஏப்ரலில் டைட்டானிக்கில் வாலஸ் ஹார்ட்லி தலைமையில் எட்டு வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். ஐவர் ஒரு குழு, மூவர் ஒரு குழு. எட்டுப் பேரும் இறந்தார்கள். கடைசிப் பாட்டு எது என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் அக்கறையில்லை. என்னை உறுத்துவது வேறு. அவர்கள் கப்பல் நிறுவனத்தின் நேரடி ஆட்கள் இல்லை. ஒரு முகவர் வழியாக வந்தவர்கள். இரண்டாம் வகுப்புப் பயணச்சீட்டில் போனார்கள். ஊழியரும் இல்லை, முழுப் பயணியும் இல்லை. அதனால் இழப்பீடு கேட்ட குடும்பங்களை ஆளுக்கு ஒரு பக்கம் கைகாட்டி அலையவிட்டார்கள். ஜான் ஹியூம் என்ற 21 வயது வயலின்காரரின் தந்தைக்கு, மகனின் சீருடைக்குப் பாக்கித் தொகை கட்டச் சொல்லி முகவரிடமிருந்து கடிதம் வந்தது. மகன் இறந்து சில வாரம்கூட ஆகவில்லை.

கப்பல் ஏறிய அன்று ஊழியர் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட்டபோது இந்தச் சீருடை ரசீதுதான் நினைவுக்கு வந்தது. மஞ்சள் அங்கியும் படிக்கட்டும் பெயர்ப்பலகையும் எனக்குக் கிடைத்திருப்பது, நான் ஊழியன் என்பதால். வாரம் ஒரு முறை டிரில். அபாய அறிவிப்பு ஏழு குட்டி ஊதல், அப்புறம் ஒரு நீளம். கப்பலில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த ஒரே தாளம் அதுதான் என்பார் எங்கள் டிரம்மர். ஒத்திகையில் அதை பாஸ் டிரம்மில் அடித்துக் காட்டிப் பாதுகாப்பு அதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பயணிகளுக்கும் டிரில் உண்டு. முன்பு ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்த பிறகு, கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள்.

அந்தப் பழைய கோப்புப் பாடகரின் இரவு. இரண்டாவது காட்சி, மூன்றாவது பாட்டு. 57-ஆவது பார். கையைத் தூக்கினார். ஏழு பேரும் அவர் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. கூரை ஸ்பீக்கரில் நிதானமான ஒரு குரல்: "ப்ராவோ, ப்ராவோ, ப்ராவோ." அதன் பிறகு தளத்தின் எண், சலவைக்கூடம்.

முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. கச்சேரியில் ப்ராவோ என்றால் வேறென்ன? எங்கள் கப்பலில் அதற்கு அர்த்தம் தீ.

பாடகர் கையை இறக்கவில்லை. அது அப்படியே மேலே நின்றது. அப்புறம் ஊழியர்களுக்கான அழைப்பு வந்தது. பேண்ட் மாஸ்டர் மைக்கில் மன்னிப்புக் கேட்டார். நான் கிட்டாரை ஸ்டாண்டில் வைத்தேன். பூட்டவில்லை, உறையில் போடவில்லை, ஆம்ப்ளிஃபயரை அணைக்கக்கூட இல்லை. காதிலிருந்து இயர்போன் ஒயர் தொங்க, பக்கக் கதவு வழியாக ஏறி ஓடினேன். ஆறாம் தளம், நடுப் படிக்கட்டு. பெட்டியிலிருந்து அங்கியை எடுத்து மாட்டியபோதுதான் கவனித்தேன், விரல்கள் இன்னும் அடுத்த நோட்டுக்காக வளைந்தே இருந்தன.

பயணிகளை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அறைகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். தள்ளாடியபடி ஒரு வயதான அம்மா படிக்கட்டுப் பக்கம் வந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அரங்கத்தில் இருந்தவர். என் கருப்புச் சட்டையை வைத்து அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கள் பேண்டில் இருப்பவர்தானே? ஏன் வாசிக்காமல் இங்கே நிற்கிறீர்கள்?"

"இதுதான் என் வேலை அம்மா. கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

"அந்தக் காலத்தில் கடைசிவரை வாசித்தார்களாமே."

என்ன பதில் சொல்வது? அவரை அங்கிருந்த நாற்காலியில் உட்காரவைத்தேன். பேரனைப் பற்றிப் பேசினார், அவனும் கிட்டார் கற்றுக்கொள்கிறானாம். நான் ஒரு காதை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு தலையாட்டினேன். சலவைக்கூடத்தில் உலர்த்தும் இயந்திரத்தின் பின்னால் சேர்ந்திருந்த நூல்தூசி புகைந்திருக்கிறது. அணைத்துவிட்டார்கள். எல்லாம் சரி என்று அறிவிப்பு வர 25 நிமிடம் ஆயிற்று. அந்த அம்மாவைக் கையைப் பிடித்து அரங்கத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

பாதிக் கூட்டம் எழுந்து போயிருந்தது. பாடகர் மேடையிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆம்ப்ளிஃபயர் அணையாமல் முனகிக்கொண்டிருந்தது. டிரம்மர் குச்சியை எடுத்துக்கொண்டு, எங்கே விட்டோம் என்று கேட்டார்.

"57" என்றேன்.

பாடகர் எழுந்து நின்று, கையை மேலே தூக்கினார். பிடித்துக்கொண்டு எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். இறக்கினார்.

காட்சி முடிந்து கோப்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், மூன்று மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் படிக்கட்டு வரைந்து வைத்தேன். பாடகர் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கோப்பைப் பெட்டியில் வைத்து மூடினார். மறுநாள் காலை அவர் இறங்க வேண்டிய துறைமுகம்.